மீதி ஒன்பது

தேவனாம்பட்டினத்தில் அலைகளுக்கு
எண் கொடுத்திருக்கிறோம்.
காலை ஆறு பத்திலிருந்து உடைந்தவை
நானூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்று ஏழாவதில் ஒரு நாய் குறுக்கே நீந்தியது,
அதைக் கழித்துவிட்டோம்.

அஞ்சாப்புலியின் படகில் போய்
இரும்புச் சட்டத்தை மணலில் இறக்கி,
ஒரு கேமரா, தண்ணீருக்குள் கேட்கும் மைக் ஒன்று
இரண்டையும் கட்டி,
வடத்தைக் கரைக்கு இழுத்து வந்தது சபூரா.
உள்ளங்கை உரிந்திருக்கிறது.
அந்த உராய்வு எங்கள் பட்டியலில் இல்லை.

குமிழி பிறக்கும்போது மட்டும் ஒலிக்கும்,
அப்புறம் வாயே திறக்காது.
பெரியதற்குக் கட்டைக் குரல். சிறியது கீச்சு.
மொத்தமாய் ஹெட்போனில் கேட்டால்
காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை.
பிரித்துப் பழக எனக்கு
ஒரே ஒரு குமிழி வேண்டியிருந்தது.
மஞ்சக்குப்பத்தில் மீன்தொட்டிக் கடையில்
காற்று மோட்டார் கேட்டேன்.
"என்ன மீனு வளக்கிறீங்க?"
"மீன் இல்லை."
"மோட்டாருக்கு வாரண்டியும் இல்ல" என்றார்.

லாட்ஜ் பக்கெட்டில் மைக்கை இறக்கிவிட்டு
மோட்டாரைப் போட மறந்து தூங்கிப்போனேன்.
பதிவில்
விடிய விடியக் குழாய் சொட்டியிருக்கிறது.
சொட்டுக்கு ஒரு குமிழி,
அத்தனையும் ஒரே சுருதி.
கடலில் ஒரு மாதம் தேடிய சுத்தம்
வாஷர் தேய்ந்த குழாயில்.
சரிசெய்ய வந்த பையனை
வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

வந்த அலை நூறு என்று வைத்தால்
மணல் தின்றது இவ்வளவு,
சுழலில் கரைந்தது இவ்வளவு,
காற்றைப் பிடித்துக் கீழே அமுக்கிய கூலி இவ்வளவு
(காற்று சும்மாவா இறங்கும்),
கரை ஏறியது கொஞ்சம்,
இத்தனை இரைச்சலும் சேர்ந்து ஒரு பொட்டு.
கூட்டினால் தொண்ணூற்றொன்று.
மூன்று நாளாய் ஒன்பது உதைக்கிறது.

முடியில் பாதிப் பருமனுக்குக் கீழே
எங்கள் கேமராவுக்குக் கண் தெரியாது.
அந்தப் பொடிகளுக்கு மேலே வர அவசரமில்லை.
அடுத்த அலை வந்த பிறகும்
அதற்கடுத்தது வந்த பிறகும்
கீழேயே கிடக்கின்றன.
நிலையாமைக்கு நீர்க்குமிழியைக் காட்டியவர்கள்
பெரியவற்றை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.
ஆனாலும்
அவற்றையெல்லாம் சேர்த்தாலும் ஒன்பது வராது.
இரண்டு வரலாம்.

சாயங்காலம், கடற்கரை முகப்பில் டீக்கடை.
மாஸ்டர் குவளையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்.
இரண்டு முழம் விழுந்து
கிளாஸில் இடித்து
போகிற போக்கில் காற்றையும் இழுத்துக்கொண்டு
நுரைக்கிறது.
பத்து வருஷமாய்க் கட்டத்துக்கு மேலே
ஆற்றல் இழப்பு என்று எழுதுகிறேன்.
ஆற்றுவது அதற்குள்ளேயே இருப்பது
இன்றுதான் கண்ணில் பட்டது.
எங்கோ காற்றிடம் வாங்கிய சூட்டை
இவ்வளவு தூரம் சுமந்து வந்து
நெஞ்சளவுத் தண்ணீரில்
ஆற்றிக்கொள்கிறதோ என்னவோ.

சபூராவிடம் சொன்னேன்.
"அறிக்கையில எழுதித் தொலைச்சிடாதே" என்றாள்.
கிளாஸை வாங்கியவள்
ஸ் என்று
மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.