வயலின் இல்லாமல்

ஊலு நகரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஒஸ்கரியின் திரையில்
சுவரெல்லாம் இரத்தம் கசிகிறது;
பிசாசு வருமுன்னே வயலின் கீச்சிட்டுச்
சொல்லிவிடுகிறது.

"உனக்கும் இப்படித்தானா?" என்கிறான்.

சைமி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள்.
அவளிடம் வருவதற்கு முகம் கிடையாது.
வானிலை வாசிப்பவரின் நிதானத்தோடு,
பேருந்து நிறுத்தத்தில், பல் துலக்கும்போது,
'கையுறைகளை எண்ணிவிட்டார்கள்' என்கிறது.
எந்தக் கையுறை? யார் எண்ணியது?
கேட்டால் பதிலில்லை.
சில நாள் சிரிப்புகூட வந்துவிடுகிறது அவளுக்கு.

மாத்திரை போட்டால் நாக்கு வறளும்,
குரல் பக்கத்து அறைக்குப் போகும்,
அங்கேயே இருக்கும்.

"இதில் நீ சுட்டுவிடலாம்," என்கிறாள்.
"நான் அதையும் கூட்டிக்கொண்டு
கடைக்குப் போய், பால் வாங்கி,
மீதிச் சில்லறையைச் சரிபார்க்க வேண்டும்."

ஒஸ்கரி ஆட்டத்தை நிறுத்துகிறான்.
அறை நிசப்தமாகிறது,
அவனுக்கு.