மூன்றாம் பனி

முதல் பனி காகத்துக்கு,
இரண்டாவது கூரைக்கு,
மூன்றாவதுதான் கிண்ணத்துக்கு.
எங்கள் வீட்டில் இதற்கு மேல்முறையீடு கிடையாது.
மூன்று வாரமாக விரல்விட்டு எண்ணிய கோல்னூஷ்
இன்று விடியுமுன்னே என் இமையைப் பிரித்துப் பார்த்தாள்:
"பாபா, உள்ளே இருக்கிறாயா?
வெளியே மூன்றாவது விழுந்திருக்கிறது."

அல்வந்த் மலையைக் காணோம்.
ஹமதான் முழுக்கச் சத்தம் அடங்கிக் கிடந்தது.
மொட்டைமாடிக்கு ஏறினோம்.
மேல்தளத்துச் சொரேனாவும் தானே சேர்ந்துகொண்டான்,
கையில் சொந்தக் கரண்டியோடு.

"மேலே இருப்பதை வழித்துத் தள்ளு.
அடியில் தார், அதைத் தொடாதே.
நடுவில் உள்ளதை மட்டும் அள்ளு."
நடு எது என்று கேட்டான் மாஹ்யார்.
கரண்டியைச் செருகிக் காட்டினேன்.
குனிந்து ஆழம் பார்த்துவிட்டு
பல் தேய்க்காத வாயால் நடுவைச் சோதித்தான்.

கீழே வந்தால்
திராட்சைப் பாகு போத்தல் திறக்க மாட்டேன் என்றது.
போன வருஷத்து இனிப்பு மூடியைக் கவ்விக்கொண்டிருந்தது.
வெந்நீரில் காட்டி, துணி சுற்றி,
ஒரு வசவை விழுங்கித் திறந்தேன்
(விழுங்கியது மூவர் காதிலும் விழுந்தது).

கறுத்த பாகு
நூலாய் இறங்கி
வெள்ளையில் சுருண்டது.
யாரும் பேசவில்லை.
"எழுத்து மாதிரி" என்றான் சொரேனா,
இன்னும் படிக்கத் தெரியாதவன்.

அப்புறம் கரண்டிகளின் சத்தம்தான்.
குளிர் மண்டைக்குள் ஏற,
நெற்றியைப் பிடித்துக்கொண்டு
பெரிய நஷ்டம் கண்ட வியாபாரிகள்போல்
மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவுக்கென்று ஒரு கிண்ணம்.
பிரசவ வார்டில் இரவுப் பணி முடித்து
எட்டு மணி பஸ்ஸில் வருவாள் நஸ்தரன்.
ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகும்,
மேசையில் வைத்தால் குளமாகும்.
ஜன்னலுக்கு வெளியே வை என்றது யார்?
இப்போது ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

காகம் வந்தது.
அவசரமே இல்லாமல், பாக்கி வசூலிக்க வந்த ஆள்போல்.
இரண்டு முறை குத்தியது.
பாகு தொங்கும் அலகை நிமிர்த்தி
எங்களைப் பார்த்தது.
"உன்னுடையது முதலாவது! முதலாவது!"
கண்ணாடியை அறைந்து கத்தினாள் கோல்னூஷ்.
அது எங்கள் சட்டம் படித்த காகமில்லை.

எட்டு மணி பஸ் ஒன்பதரைக்கு வந்தது.
பூட்ஸைக் கழற்றவிடாமல்
மூவரும் வாசலிலேயே வழக்கைச் சொன்னார்கள்.
நஸ்தரன் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள்:
பாதி நீர், பாதி பனி,
ஓரத்தில் அலகு போட்ட இரண்டு குழி.
"இந்தப் பக்கம் காகத்துடையதா?"
ஆமாம்.
கிண்ணத்தைத் திருப்பி
மறுபக்கத்தில் கரண்டி வைத்தாள்.

"ராத்திரி எத்தனை?" என்றேன்.
"ஐந்து. அதில் ஒரு ஜோடி இரட்டை."
கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டாள்.
ஹீட்டர்மேல் கையுறைகள் சொட்டின, ஐந்துதான்;
ஒன்று மாடியிலேயே கிடக்கிறது போலும்.

படிக்கட்டில் இருந்து சொரேனாவின் அம்மா கூப்பிட்டாள்.
கரண்டியை நக்கி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு,
கதவருகில் நின்று கேட்டான்:
"அப்படியானால் நான்காவது யாருக்கு?"