ஐந்தாவது வட்டம்

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
தேர்வுத்தாள் கட்டு என் முதுகோடு சாய்ந்து சாய்ந்து வந்தது.
மடிக்கக் கூடாது, நனையக் கூடாது,
குண்டூசி குத்தக் கூடாது
என்று உறையின்மேல் அச்சடித்திருக்கிறது.
என் முதுகைப் பற்றி ஒன்றும் இல்லை.

மாரமங்கலம் நடுநிலைப் பள்ளி.
எட்டு வகுப்பு, மூன்று ஆசிரியர்,
அதில் ஒருவர் வாக்காளர் பட்டியலோடு ஊருக்குள்.
நான் வந்தது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அல்ல,
ஜெசிந்தா டீச்சருக்கு:
வட்டத்தை எப்படி நிரப்பச் சொல்வது,
கோட்டைத் தாண்டாமல், பாதியில் விடாமல்,
ஒரு கேள்விக்கு ஒரே ஒரு கறுப்பு.
"வட்டம் போடவா சார் பி.எட். படிச்சோம்?" என்றார்.
பயிற்சிக் கையேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டினேன்.

எட்டாம் வகுப்பில் சதவீதம்.
வங்கி வட்டிக் கணக்கைப் படித்ததும்
பையன்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.
டீச்சர் அதை அழித்துவிட்டு,
பச்சை மிளகு மூணு கிலோ,
காய்ஞ்சா ஒரு கிலோ,
வெயில் தின்னது எத்தனை சதவீதம் என்றார்.
தினகரன் எழுந்து போய்
அறுபத்தாறு, புள்ளி, ஆறு, ஆறு, ஆறு,
பலகை தீர்ந்து சுவர் வந்ததும் திரும்பினான்.
"வெயிலு நிறுத்தவே மாட்டேங்குது சார்."
குறித்துக்கொண்டேன், அடுத்த பள்ளியில் சொல்ல.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்,
ஒரு டீச்சரின் மிளகை இன்னொரு டீச்சருக்குக் கொண்டுபோவது.

மூன்றாம் வகுப்பில்தான் சிக்கல்.
மாதிரித் தேர்வு, பதினேழாம் கேள்வி.
மழையில் நனையாமல் இருக்க நாம் பயன்படுத்துவது
அ விசிறி, ஆ குடை, இ சீப்பு, ஈ பானை.
பவதாரணி நான்கையும் தொடவில்லை.
ஈ-க்குப் பக்கத்தில்
தானே ஒரு வட்டம் போட்டு, கறுப்படித்து,
மேலே உ என்று எழுதியிருந்தாள்.
பிள்ளையார் சுழி என்று நினைத்தேன்.
இல்லை, வரிசைப்படிதான் எழுதியிருக்கிறாள்.
என்னம்மா இது என்றேன்.
"சாக்கு."

மூலையை மூலைக்குள் சொருகினால் கொங்காடை.
இரண்டு கையும் சும்மா இருக்கும்,
காப்பிப் பழம் பறிக்கலாம்.
குடை பிடித்தால் எந்தக் கையால் பறிப்பதாம்?
அவள் பார்த்தவரை
குடை சாமிக்குப் பிடிப்பது.

டீச்சர் என் பக்கம் நகர்ந்து மெதுவாக,
"தப்புன்னு நீங்களே சொல்லிடுங்க சார்.
நான் நாளைக்கும் இவ மூஞ்சியப் பார்க்கணும்."

தப்பு என்று சொல்லவில்லை.
மெஷினுக்கு ஈ வரைக்கும்தான் எழுத்துத் தெரியும் என்றேன்.
சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன்.
"ஓ" என்றாள்.
விவரம் தெரியாத பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதுபோல்
உ-வை அழித்தாள்,
குடையைக் கறுப்பாக்கினாள்.
கோட்டைத் தாண்டவில்லை, பாதியில் விடவில்லை.
பதினாறு வருஷத்தில் என் பயிற்சியில்
இவ்வளவு சீக்கிரம் யாரும் தேறியதில்லை.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

மூன்று மணிக்கே மலை இருட்டிவிட்டது.
பள்ளித் தோட்டத்துக்கு வாங்கிய யூரியா சாக்கை
டீச்சர் உதறிக்கொண்டு வந்தார்.
கட்டை உள்ளே வைத்து, மூலையை மூலைக்குள் சொருகி
முடிச்சுப் போட்டது பவதாரணி.
தண்ணி இறங்காதே என்று கேட்டேன்.
பதில் எழுத வேண்டிய கேள்வியாக
அவளுக்கு அது தோன்றவில்லை.

அஸ்தம்பட்டி வருவதற்குள்
சட்டை, செருப்பு, பர்ஸில் இருந்த பெட்ரோல் ரசீது
எல்லாம் கூழ்.
தாள்கள் இஸ்திரி போட்டதுபோல் இருந்தன.
அலுவலகத்தில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
மூன்றாம் வகுப்பு, பதினொன்று.
பதினேழாம் கேள்விக்குப் பதினொன்றும் சரி.
சராசரி ஒரு மயிரிழை ஏறும்.

சாக்கை மாடிக் கம்பியில் போட்டிருக்கிறேன்.
வியாழக்கிழமைக்குள் காய வேண்டும்.
திருப்பிக் கொடுக்கணும்,
மேலே இன்னும் மழைதான்.