இன்னொரு கை

உருளைக்கிழங்கைப் பாதியாக அரிந்து
எங்கள் பெயர்களைச் செதுக்கினேன்.
நீல மையில் தோய்த்து அட்டையில் ஒற்றிய பிறகுதான்
புத்தியில் உறைத்தது:
எழுத்தைத் திருப்பிச் செதுக்கியிருக்க வேண்டும்.
நாற்பத்துமூன்று அழைப்பிதழ்கள்.
நெரிஸையும் யெஸ்டினையும்
கண்ணாடி முன் பிடித்தால்தான் வாசிக்கலாம்.
"இருக்கட்டும், நாம மட்டும் என்ன
நேர்வழியிலயா வந்து சேர்ந்தோம்" என்றான்.
மை படாத பக்கத்தை அன்றிரவு வறுத்துத் தின்றோம்.

தோட்டம் என்று நான் சொல்வது
ஸ்வான்சீயின் மேட்டில், ரயில் பாதை ஓரம்
நகரசபை வாடகைக்கு விட்ட ஒரு துண்டு நிலம்.
இடப்பக்கம் எம்ரிஸின் புறாக்கூண்டு,
வலப்பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத முட்புதர்.
நாற்பத்துமூன்று பேர் உள்ளே வந்தால்
பீன்ஸ் கொடி வெளியே போய் நிற்க வேண்டும்.

மார்ச்சில் பஸ் அட்டவணைத் தாளின் பின்பக்கம்
(எட்டாம் எண் வண்டி ஓட்டுகிறேன், தாளுக்குப் பஞ்சமில்லை)
திட்டம் வரைந்தேன்.
இங்கே கசகசாப் பூ, ரத்தச் சிவப்பு.
இங்கே வாசனைப் பட்டாணி, கத்தரிப்பூ நிறத்தில்.
வேலியோரம் சூரியகாந்தி, ஆள் உயரத்துக்கு.
வெள்ளை மட்டும் வேண்டாம்.
வெள்ளையை ஒருமுறை உடுத்தாயிற்று.

மே மாதம் மூன்று இரவுகளில்
ஓடில்லாத நத்தைகள் வந்து
எங்கள் கல்யாணத்தைத் தின்றுவிட்டுப் போயின.
அழைக்காமல் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து,
ஒவ்வொரு பாத்தியிலும் வெள்ளிக் கோட்டில்
மொய் எழுதிவிட்டுப் போயிருந்தன.

மண்வெட்டியோடு நின்றேன், வையக்கூடத் தோன்றாமல்.
அப்போதுதான் மூலையைப் பார்த்தேன்.
போன குளிர்காலத்தில் பிடுங்க மறந்த லீக்ஸ்
(அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் நிறைய மறந்தோம்)
கழுத்து நீண்டு, என் தோளைத் தொட்டு,
தலையில் மெல்லிய உறையோடு நின்றது.
முற்றிப்போன முள்ளங்கி.
சமைக்க விடாமல் முந்திக்கொண்ட கொத்தமல்லி.
தச்சுமேசைபோல் மஞ்சளாய் விரியப்போகிற பார்ஸ்னிப்.
சட்டிக்கு உதவாது என்று நான் கைவிட்டதெல்லாம்
பூவுக்கு நின்றது.
ஜூலை வரை எதையும் பிடுங்காதே என்று
யெஸ்டினுக்குச் சொல்லிவைத்தேன்.

அவன் பள்ளிக்கூடச் சமையல்காரன்.
முந்நூறு பேருக்குக் குறைத்துச் சமைக்கத் தெரியாது.
கேக்கைப் பள்ளித் தட்டுகளிலேயே வேகவைத்து
சதுரம் சதுரமாய் வெட்டுவானாம்,
வரிசையில் வந்துதான் வாங்க வேண்டுமாம்.

தோரணம் என் பொறுப்பு.
பழைய வீட்டு வரவேற்பறைத் திரையை
முதலில் எடுத்தேன். பச்சை இலை அச்சிட்டது.
பதினேழு வருடம் அதன் பின்னால் நின்று
தெருவைப் பார்த்திருக்கிறேன்.
அறுபது முக்கோணம் தேறியது.
அழுகை வரும் என்று நினைத்தேன்.
கத்திரிதான் மழுங்கியது.
அப்புறம் யெஸ்டினின் கட்டம்போட்ட சட்டைகள்,
எம்ரிஸ் கொடுத்த ரக்பி ஜெர்சி,
டிப்போவில் ஆளுக்கொன்றாய்க் கொண்டுவந்த
தலையணை உறை, டை, ஒற்றைக் காலுறை.

மாப்லி மட்டும் எதுவும் தரவில்லை.
அவன் மகள். பதினொன்று நடக்கிறது.
மே முழுக்க என்னைப் "பஸ்காரங்க" என்றே சொன்னாள்,
ஜூன் முழுக்க எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
நிறுத்தத்தில் கை காட்டாதவருக்காக
வண்டியை மெதுவாக்கலாம்,
கதவைத் திறந்து கூப்பிடக் கூடாது.

இன்று வெள்ளி. நாளை பகல் பன்னிரண்டுக்கு.
ரேடியோ மழை என்கிறது, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.
காகித விளக்குகளின் சாயம் எம்ரிஸின் காலரில் இறங்கும்.
இறங்கட்டும், வண்ணம் கேட்டது நான்தான்.
லீக்ஸ் உறை கிழித்து
ஊதா உருண்டைகளாய் நிற்கிறது,
ஒவ்வொன்றிலும் போதையேறிய ஒரு தேனீ.

பத்து மணிக்குத் தையல் மெஷின் மேல்
எதையோ வைத்துவிட்டு நகர்ந்தாள்.
மஞ்சள் மழைக்கோட்டின் கை.
தோளோடு நேராய் வெட்டப்பட்டது.

"அம்மாவோடது. கார்டிஃபுக்கு ஃபோன் பண்ணிக்
கேட்டுட்டுத்தான் வெட்டினேன்."

ரப்பர் பூசிய துணியில் ஊசி எளிதில் இறங்கவில்லை.
இரண்டு ஊசி உடைந்தது.
மூன்றாவது உடையும் முன்
எதிரில் வந்து உட்கார்ந்து
துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள்.
ஏழு முக்கோணம். நாளை மற்றதெல்லாம் நனையும்.
இந்த ஏழில் மட்டும் தண்ணீர் நிற்காது.

நூலை நான் பல்லால் கடித்துக்கொண்டிருக்கையில்
நிமிராமலே கேட்டாள்:
"இன்னொரு கையும் வேணுமா?"