லா எவுலாலியா

பக்கத்துக்கு ஐந்து சொல்.
அதற்கு மேல் அகராதியைத் தொடக்கூடாது.
விதி போட்டவர் ஸெனோன், பல் மருத்துவர்.
மனிதர் எவ்வளவு வலி தாங்குவார் என்று
அவருக்குத் தெரிந்திருக்கும் என நம்பினோம்.

வியாழன் மாலை, கிளை நூலகத்தின் நிலவறை.
வெந்நீர்க் குழாய் முனகும் சுவரோரம் நாங்கள் நால்வர்.
ஸ்பானிய மொழியில் எங்கள் முதல் நாவல்:
மீன்பிடி ஊர், ஓர் அப்பா, இரண்டு மகன்கள்,
கோபக்கார அம்மா,
அப்புறம் எவுலாலியா.

மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.
'லா எவுலாலியா' என்றிருந்தது.
அந்த 'லா' எதற்கு என்று கேட்டாள் லூத்விகா.
"கடலோரத்தில் பெண்கள் பேருக்கு முன்னால்
அப்படி ஒட்டிக்கொள்வார்கள்" என்றார் தெயோஃபில்.
விகோவில் இரண்டு வருஷம் தட்டு கழுவியவர்.
அதன்பின் யார் வாய் திறப்பது?

நான் டிராம் ஓட்டுகிறவள்.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிஷம் கிடைக்கும்.
அதில் ஒரு பக்கம், சில நாள் ஒரே ஒரு பத்தி.
வாக்கியம் தொடங்கும்போதே தலைகீழாய் நிற்கும்
அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்துப்போனது.
வளைவு வருகிறது என்று
முன்கூட்டியே சொல்லிவிடுகிற மரியாதை.

ராத்திரியெல்லாம் அவளோடுதான் அப்பா.
சம்பாதித்ததெல்லாம் அவளுக்கே போகிறது என்று
அம்மா பாத்திரத்தை உருட்டுகிறாள்.
வயதானவள். வயிறு பெருத்தவள்.
அவள்மேல் எப்போதும் ஏதோ ஒரு வாசனை.
என்ன வாசனை என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஆறாவது,
பார்க்கவில்லை.

குடும்பம் கெடுத்தவள் என்றார் ஸெனோன்.
நான் சண்டைக்கே போய்விட்டேன்.
"அவளா கூப்பிட்டாள்? இவராகத்தானே போகிறார்?
இந்த நூறு பக்கத்தில்
அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாளா?"
பேசவில்லைதான்.
அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது.

பதினோராம் அத்தியாயத்தில்,
விடிய இன்னும் நேரமிருக்க,
மகன்கள் அவளை மணலில் இழுத்துப்போட்டு
மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.
கடைசி நிறுத்தத்தில் படித்தேன்.
யாரோ கண்ணாடியைத் தட்டியபோது
நான்கு நிமிஷம் தாமதம்.
வாழ்க்கையில் முதல் தடவை
காரணம் என்ற கட்டத்தில் பொய் எழுதினேன்.

அந்த வியாழன் கசகசாக் கேக்கை யாரும் வெட்டவில்லை.
"போலீஸ் ஏன் வரவில்லை?" என்றார் தெயோஃபில்.
அடுத்த பக்கத்தில் அப்பா சாவகாசமாய்க் காப்பி குடிக்கிறார்.
லூத்விகா மட்டும் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"கீயா. மூன்றாம் பக்கம், ஆறாவது சொல்.
விதியை மீறட்டுமா?"

மீறினாள்.
படகின் அடிக்கட்டை.

குழாய் முனகுவது மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
பெருத்த வயிறு. தார் வாசனை.
வருஷா வருஷம் அவளுக்குப் புதுச் சாயம்.
ஸெனோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச்
சிரித்தார், சிரித்தார்,
பல்லெல்லாம் தெரிய.

அந்த மொழியில் மேசையும் பெண், மழையும் பெண்,
நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம் என்று
சொல்லித் தப்பவும் வழியில்லை.
எங்கள் போலிஷிலும் படகு பெண்பால்தான்.
அதைவிட, எங்கள் ஊர் பெயரே படகு.
வூச் என்றால் வேறென்ன?
ஆறுகளைத் தெருவுக்கடியில் புதைத்துவிட்டுப்
பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர்.
நான் தினம் ஓட்டும் டிராமின் விலாவில்
துடுப்போடு ஒரு மஞ்சள் படகு,
ஊர்ச் சின்னம்,
பத்தொன்பது வருஷமாய் என்னோடு வருகிறது.

அப்படியும் துக்கம் குறையவில்லை.
எரிந்தது எரிந்ததுதான்.

லூத்விகா தன் ஓரக்குறிப்புகளை
ரப்பரால் அழித்துவிட்டாள்.
நான் அழிக்கவில்லை.
அறுபத்தொன்றாம் பக்கத்தில், பென்சிலில்,
டிராம் குலுங்கிய என் கையெழுத்தில் இருக்கிறது இன்னும்:
'இந்த ஆளை நம்பாதே, பெண்ணே.
ராத்திரியோடு கிளம்பிப் போய்விடு.'

படகுக்கும் பொருந்துகிற அறிவுரைதான்.