பிறந்த இடம்

என் பெயரில் ஒரு கால் இல்லை.
செபமாலை என்று அப்பா சொன்னதை
செபமலை என்று எழுதிவிட்டு
மதியச் சோற்றுக்குப் போய்விட்டார் பதிவுகாரர்.
நாற்பத்தேழு வருடம் நொண்டியாயிற்று.
திருத்த வேண்டுமென்றால்
பிறந்த ஆஸ்பத்திரியின் கடிதம் கொண்டுவா என்கிறது
நுவரெலியா கச்சேரி.

ஆஸ்பத்திரி இருக்கிறது.
அதே கருங்கல் சுவர், அதே தகரக் கூரை,
வாசலில் மட்டும் செக்யூரிட்டி.
"புக்கிங் நம்பர்?" என்றான்.
"எழுபத்தேழு, ஐப்பசி, இரண்டாம் வார்டு" என்றேன்.

மேனேஜர் தினேத் நல்ல பையன்.
எலுமிச்சைப்புல் தேநீர் தந்து
சுற்றிக் காட்டினான், நான் புதியவன் போல.
இது ஸ்பா என்றான். பிணம் வைக்கிற காம்பரா அது.
இது லைப்ரரி என்றான்.
வார்டை மூடிய பிறகு அங்கேதான் மேசை போட்டு
இந்தியாவுக்குப் போகிறவர்களின் விரல்களை
மையில் அமுக்கினார்கள்.
பெரியப்பா கை கழுவாமலே ரயிலேறினார்.

டைனிங் ஹாலில் இன்னும் லேசாக உர வாசம்.
பழைய மரத்தின் வாசமாம், சொல்கிறான்.
அந்த மூட்டைகளுக்கு நடுவேதான்
எண்பத்து மூன்று ஆடியில்
டவுன் கடைக்காரர் பொன்னுரங்கம் நான்கு நாள் இருந்தார்.
கடை எரிந்துவிட்டதென்று சொன்ன பிறகும்
சாவியைக் கையிலிருந்து விடவில்லை.
மண் சரிந்த வருடம் நாங்களே இருந்தோம்:
முப்பத்தாறு குடும்பம், ஒரு குழாய்.
மகள் ஓ.எல். பரீட்சைக்குப் படித்த ஜன்னலோரம்
இப்போது இரண்டு வெள்ளைக்காரர்கள்
பனிமூட்டத்தைப் பார்த்தபடி
ஒன்றும் பேசாமல் முட்டை சாப்பிடுகிறார்கள்.
நானும் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் வார்டு பூட்டியிருந்தது. ஆள் இருக்கிறதாம்.
ஓர் இரவுக்கு எண்பதாயிரம்.
அம்மா இரண்டு இரவு கிடந்தாள்.
அந்த இரண்டு நாளும் அவளுக்குப் பேர் விழவில்லை,
கணக்கப்பிள்ளை கறாரானவர்.

கடிதத்தைத் தட்டியது கீழ்ப்பிரிவு ராஜாத்தியின் மகள்.
"ஐடியில உள்ளபடிதான் போடலாம், ரூல்ஸ், மாமா."
தந்தேன்.
காலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது
அவளுக்கு ஃபோன் வந்தது.
தங்க எழுத்துத் தலைப்பின் கீழே
செபமலை என்பவர் எங்கள் இல்லத்தில்
தங்கியிருந்ததை உறுதிப்படுத்துகிறோம்,
மீண்டும் வருக.

வெளியே தூறல்.
அடிவாரத்தைப் பனி விழுங்கியிருந்தது.
எதிரே மலை
கால் இல்லாமலே நின்றது.