பக்கம் நான்கு: புரதம்

புதன்கிழமை கிளினிக். ஏழரைக்கே
வாங்கு நிறையச் சீனி வருத்தக்காரர்.
ஆளுக்கொரு சின்னப் போத்தல்:
கடதாசியில் சுற்றி, சேலைத் தலைப்பில் மறைத்து,
ஒருவர் செபப் புத்தகத்துக்குப் பின்னால் பிடித்தபடி.

என் வேலை கேட்பது. சொல்வதல்ல.
பயிற்சியின் முதல் நாளே அடிக்கோடிட்டுத் தந்தார்கள்:
ஆலோசனை கூறலாகாது.
முகம் சுளிக்கலாகாது.
பென்சில் ஆகவே ஆகாது.

இலக்கம் நூற்றுப் பதினேழு.
சூசைப்பிள்ளை, ஐம்பத்தெட்டு, பாசையூர்.
மீன் ஏலம் கூறுபவர். பதினொரு வருசச் சீனி.

"போன மாதம் ஆட்டிறைச்சி எத்தனை தரம்?"
"ஞாயிறு."
"எத்தனை ஞாயிறு?"
"மாதத்தில எத்தனை கிடக்கோ அத்தனை.
வெள்ளியில தொடமாட்டன், எழுதுங்கோ."
பின்னால் நின்ற றோசலின் செருமினாள்.
"சனி இரவுக் கொத்துரொட்டிக்குள்ள கிடந்தது
பூசணிக்காயோ?"
நாலை வெட்டி எட்டாக்கி
ஓரத்தில் கையொப்பம் வைத்தேன்.

"மீன்?"
சிரித்தார். "விடிய நாலரைக்கு
எண்ணத் தொடங்கிறவனிட்டயோ கேக்கிறியள்?"
"சாப்பிட்ட மீன், ஐயா."
"ஓ. அது விலைப்படாமல் மிஞ்சினது."

படத்தாளை நீட்டினேன்.
தீப்பெட்டியளவு துண்டு, முப்பது கிராம்.
கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.
"இது ஆர் வெட்டினது? வாலோ நடுவோ?"

"பருப்பு, கடலை, பயறு, கௌபி, சோயா?"
"பருப்பும் எண்ணுப்படுமோ?
அது சோத்தோட வாறதெல்லோ."
"கௌபி அவிச்சு வைச்சால்," என்றாள் றோசலின்,
"இண்டைக்குக் கையில காசில்லையோ எண்டு கேக்கிற மனிசன்."

பிறகுதான் கூழ் வந்தது.
நண்டு, இறால், திருக்கைத் துண்டு,
பயத்தங்காய், பலாக்கொட்டை,
எல்லாவற்றையும் கட்டிப்பிடித்த ஒடியல் மா.
தாளில் ஐந்து பெட்டிகள்.
சிவப்பு இறைச்சி, கோழி, மீன், முட்டையும் பாலும், தாவரம்.
என் பேனை ஒன்றின் மேலும் இறங்கவில்லை.
கரண்டி பிரிக்காததை
யாரோ ஒரு மேசையில் பிரித்துக் கோடு போட்டிருந்தார்கள்.

பிரிக்கிறது வேறொன்று.
முதுகுக்குள், இரு பக்கமும்,
இரவும் பகலும் அரிதட்டு ஆட்டுகிறது.
கழிவு கீழே, மா மேலே.
வருசக்கணக்காய் இனிப்பு ஊறி
கண்கள் அகன்றுபோனால்
அதற்கு மாவும் தெரியாது, தவிடும் தெரியாது.
நல்லதும் ஒழுகிப் போகும்,
சத்தமில்லாமல், கொஞ்சம் நுரையோடு.

பக்கம் ஏழில் அந்தக் கேள்வி:
"சிறுநீர் நுரைக்கிறதா?"

அவர் யன்னலைப் பார்த்தார்.
"கடலில நுரை கண்டால்
எந்தப் பக்கத்துக் காத்தெண்டு சொல்லுவன், பிள்ளை."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"இது... போன பெருநாளுக்கு முந்தியிருந்து."
கிளினிக் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்த
றோசலினின் கை நின்றது.
ஆம் என்ற பெட்டியை நிரப்பினேன்.
முகம் சுளிக்கலாகாது.

"அப்ப நான் எதை விட, எதைத் தின்ன?"
"டொக்டரிட்டக் கேளுங்கோ, ஐயா."
"நீங்கள் இவ்வளவும் கேட்டது?"
"எல்லாருடைய தாளையும் சேர்த்து...
பத்து வருசத்தில ஏதும் தெரியவரும்."

"பத்து," என்றார்.
குரல் தானாக ஏலத்துக்குத் திரும்பியது.
"பத்து வருசம்... ஒருதரம்.
பத்து வருசம்... ரெண்டுதரம்..."
மூன்றாவதற்கு முன்
உள்ளிருந்து இலக்கம் கூப்பிட்டார்கள்.
போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

றோசலின் நின்றாள்.
படத்தாளில் அவித்த பயற்றுக் கோப்பையின் மேல் விரல்.
"பிள்ளை, இதில ஒண்டு..."
படத்தாள்கள் பங்குபற்றுநருக்குக் கொடுக்கப்படா.
அதுவும் அடிக்கோடிட்டதுதான்.
நான் குனிந்து
விழாத பேனை ஒன்றைத் தேடினேன்,
தேவைக்கு மேலே கொஞ்ச நேரம்.

பின்னேரம் கணக்கு ஒப்படைத்தபோது எழுதினேன்:
நிரப்பிய தாள்கள் இருபத்தாறு.
படத்தாளில் ஒன்று குறைவு.
கூழுக்கு ஒரு பெட்டி வேண்டும்.